சீன மாப்பிள்ளை: என் பயத்தில் எது நிஜம், எது சாக்கு?

புந்தோங்காரன் எழுதியது:

வணக்கம். நான் இங்கே படித்துவிட்டுப் போகிறவன்தான், எழுதுவது இதுதான் முதல் தடவை. கைபேசியில் ஒற்றை விரலால் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 62. ஈப்போ, புந்தோங். 28 வருடம் ஒரு லோரி பட்டறையில் வேலை பார்த்தேன். தௌகே (முதலாளி) சீனர், கூட ஸ்பானர் பிடித்தவர்களில் பாதிப் பேர் சீனர்கள். கந்தோனீஸ் எனக்குத் தமிழ் மாதிரியே வரும். கெட்ட வார்த்தை மட்டும் தமிழைவிட நன்றாக வரும். தௌகே இறந்தபோது ஊதுபத்தி பிடித்து மூன்று முறை குனிந்து கும்பிட்டேன். அவர் மகன் கல்யாணத்தில் குடும்பத்தாருக்குப் பக்கத்து மேசையில் உட்கார வைத்தார்கள். தைப்பூசத்தன்று கல்லுமலைக்குக் காவடி தூக்கி வரும் சீனர்களுக்கும் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். இதையெல்லாம் ஏன் அடுக்குகிறேன் என்றால், எனக்குச் சீனர் மேல் வெறுப்பு இல்லை என்று உங்களுக்குச் சொல்வதைவிட எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன்னால் மகள் கோலாலம்பூரிலிருந்து வந்தாள். 30 வயது, கணக்காய்வு நிறுவனத்தில் வேலை. சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "அப்பா, ஒருத்தரை உங்களுக்கு அறிமுகப்படுத்தணும்" என்றாள். நான் கேட்ட முதல் கேள்வி, "நம்ம ஆளுங்களா?" அதற்கு என்ன அர்த்தம் என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். "சீனர்ப்பா" என்றாள். (பொய் சொல்லக்கூடாது, ஒரு வினாடி அப்பாடா என்றிருந்தது. வேறு சாதி இல்லையே என்று.) அடுத்த வினாடி வயிற்றைக் கலக்கியது. இன்னும் நிற்கவில்லை.

பையன் மெங்லெம்பு. எங்கள் ஊருக்குக் கச்சான் பூத்தே (கடலை, முறுக்கு வகை) பேர், அவர்கள் ஊருக்கு வறுத்த வேர்க்கடலை பேர். நடுவில் காரில் பத்து நிமிடம். நல்ல பையன் என்றுதான் தெரிகிறது. வீட்டுக்கு வந்தபோது செருப்பை வெளியே ஒழுங்காகக் கழற்றி வைத்தான், என் மனைவி போட்ட கத்தரிக்காய்க் குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான், மூக்கில் தண்ணீர் ஒழுக ஒழுக.

அவன் போனதும் ஆரம்பித்தது. "அவங்க எதை வேணும்னாலும் சாப்பிடுவாங்க, நம்ம பொண்ணு போய் மாட்டுக்கறி சமைக்கணுமா?" என்று மனைவி. அவள் தங்கை ஆறுதல் சொல்ல வந்தாள்: "விடுக்கா, பிள்ளைங்களாவது வெள்ளையாப் பிறக்கும்." என் அண்ணன் அதற்கும் மேலே போனார்: "ஆப்பிரிக்காக்காரன் எவனையும் கூட்டிட்டு வரலையே, அந்த மட்டும் நல்லது." சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தார். நானும் சிரித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அந்தப் பக்கமும் சும்மா இல்லை. பையனின் அம்மா மூன்று நாள் அவனோடு பேசவில்லையாம். சின்ன வயதில் அவன் அடம்பிடித்தால், "கெலிங்காரன் வந்து பிடிச்சுட்டுப் போயிடுவான்" என்று சொல்லித்தான் சோறு ஊட்டுவார்களாம். கெலிங் என்பது நம்மைக் கேவலமாகச் சொல்லும் வார்த்தை. மகள் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கெலிங்காரன் கடைசியில் நான்தான் போலிருக்கிறது.

எனக்கு உபதேசம் வேண்டாம். "காலம் மாறிப்போச்சு ஐயா" என்று எழுதுகிறவர்கள் தயவுசெய்து அடுத்த பக்கம் போய்விடுங்கள். கட்டிக்கொண்டவர்கள், கட்டிக்கொடுத்தவர்கள், அப்படிப் பிறந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். என் பயத்தில் எது நிஜம், எது சாக்கு? பேரப்பிள்ளை பிறந்தால் என்னை என்னவென்று கூப்பிடும்?


பாயான் லெப்பாஸ் எழுதியது:

ஐயா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கந்தோனீஸ் வீட்டில் அம்மாவின் அப்பாவுக்கு "குங் குங்", அம்மாவின் அம்மாவுக்கு "போ போ". உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆனால் நீங்கள் "தாத்தா" என்று சொல்லிக் கொடுத்தால் "தாத்தா" என்றுதான் கூப்பிடும். குழந்தை யார் மடியில் அதிக நேரம் இருக்கிறதோ அவர்கள் வைத்ததுதான் பெயர். என் பிள்ளைகள் என் அம்மாவைப் பாட்டி என்றும், மாமியாரை அ-மா என்றும் கூப்பிடுகிறார்கள். இரண்டு கிழவிகளும் தங்களுக்குள் பேசிக்கொள்வது மலாயில்.

எனக்குக் கல்யாணமாகி 17 வருடம். மனைவி பினாங்கு ஹொக்கியன் சீனர். உங்கள் பட்டியலில் சாக்கு என்று நான் முதலில் அடிப்பது மாட்டுக்கறியைத்தான். என் மாமியார் கொவான் யின் அம்மனுக்கு வேண்டிக்கொண்டவர், நாற்பது வருடமாக மாட்டுக்கறியைத் தொட்டதில்லை. கொவான் யின்னைக் கும்பிடுகிற சீனர் நிறையப் பேர் அப்படித்தான். எங்கள் வீட்டில் மாட்டுக்கறி சாப்பிட்டுப் பிடிபட்ட ஒரே ஆள் நான், அதுவும் கல்யாணத்துக்கு முன்னால். மெங்லெம்பு சம்பந்தியம்மா என்ன சாமி கும்பிடுகிறார் என்று முதலில் விசாரியுங்கள். உங்கள் வீட்டம்மாவின் வாதம் அங்கேயே முடிந்துபோகலாம்.

கல்யாணச் சிக்கல்கள் இருக்கின்றன, ஆனால் அவை வேறு மாதிரி. சட்டம் ஒன்றும் தடுக்காது. ஜேபிஎன்னில் (தேசியப் பதிவு இலாகா) மனு கொடுத்தால் 21 நாள் அறிவிப்புப் பலகையில் போடுவார்கள், அப்புறம் பதிவு. எங்கள் பெயர் அந்தப் பலகையில் இருந்த 21 நாளும் என் சித்தப்பா தினம் வந்து பார்த்துவிட்டுப் போனார், கிழித்துவிடலாமா என்று.

நிஜமான சண்டை மொய்யில் வந்தது. நாம் 51, 101 என்று ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூட்டி வைப்போம் இல்லையா? சீனர்கள் ஒற்றைப்படையில் பணம் வைப்பது சாவு வீட்டுக்கு. என் பெரியப்பா பாவம், அன்போடு 101 வெள்ளியை உறையில் போட்டு மாமனார் கையிலேயே கொடுத்துவிட்டார். உறை வேறு வெள்ளை நிறம். மாமனார் பிரித்துப் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டது நான் செய்த புண்ணியம். இரவு வீட்டில் பிரித்திருக்கிறார். அடுத்த நாள் என்னைத் தனியே கூப்பிட்டு, "உங்கள் பெரியப்பாவுக்கு என் மேல் என்ன கோபம்?" என்று கேட்டார். மல்லிகைச் சரமும் அப்படித்தான், வெள்ளைப் பூவைப் பார்த்ததும் பெண் வீட்டுப் பெரியவர்கள் முகம் மாறிப்போயிற்று. கடைசி நேரத்தில் சிவப்பு ரோஜாவும் கனகாம்பரமும் கலந்து கட்டினோம். நான்காம் எண்ணையும் ஒதுக்கிவிடுங்கள். அவர்கள் மொழியில் அது சாவு என்பது போல ஒலிக்கும். அவர்கள் விருந்தில் மேசைக்குப் பத்துப் பேர் என்று எண்ணி வைப்பார்கள். நம் ஆட்கள் "பக்கத்து வீட்டையும் கூட்டிட்டு வந்தேன்" என்று பதினான்காக வந்து நிற்பார்கள். இதையெல்லாம் முன்னாலேயே பேசிவிட்டால் பாதித் தலைவலி போய்விடும்.

இப்போது எது நிஜம் என்று சொல்கிறேன். எனக்குக் கல்யாணமான புதிதில் வாடகை வீடு தேடினோம். மனைவி போன் செய்தால் வீடு காலியாக இருக்கும். நான் போய் வாசலில் நின்றால் "இப்பத்தான் கொடுத்துட்டோம்". நான்காவது வீட்டில் மனைவி அங்கேயே ஹொக்கியனில் சத்தம் போட்டாள். அந்த வீட்டுக்காரம்மா என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்து, "நீ படித்த பெண்தானே, உனக்கு ஏன் இது?" என்றார். உங்கள் மகளுக்கும் யாராவது இப்படி ஒன்று சொல்வார்கள். உணவுக்கடையில் பையனுக்கு மட்டும் மெனுவை நீட்டுவார்கள், உங்கள் மகளை வேலைக்கு வந்தவள் என்று நினைப்பார்கள். அதற்குத் தயாராக இருங்கள்.

இன்னொன்று. எங்கள் பிள்ளைகள் இருவருக்கும் பிறப்புப் பத்திரத்தில் என் இனம் பதிவானது. வழக்கமாக அப்பாவின் இனம்தான். அப்படியென்றால் உங்கள் பேரப்பிள்ளையைச் சீனர் என்று எழுதுவார்கள், சீனக் குடும்பப்பெயர் வரும். உங்கள் வயிற்றைக் கலக்குவது இதுவாக இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்டதால் சொன்னேன்.


இனமானம் எழுதியது:

இந்த நாட்டில் நாம் நூற்றுக்கு ஏழு பேர்கூடச் சரியாக இல்லை. படித்த பெண்கள் எல்லாம் இப்படிப் போனால் இன்னும் ஐம்பது வருடத்தில் தமிழ்ப்பள்ளியில் மணி அடிக்க ஆள் இருக்காது. பெருசு, மகளைத் தமிழ்ப்பள்ளியில் போட்டீரா, சீனப்பள்ளியில் போட்டீரா? அங்கே ஆரம்பித்தது இது.


புந்தோங்காரன் எழுதியது:

தமிழ்ப்பள்ளிதான் தம்பி. ஆறு வருடமும். சீனப்பள்ளியில் படிப்பது என் அண்ணன் பேரன். "மாண்டரின் பேசுறான் பாரு" என்று வருகிறவர்களிடம் எல்லாம் பேச வைத்துக் காட்டுவார். அண்ணன் என்றால் மேலே சிரித்தாரே, அதே அண்ணன்தான்.


காஜா பெராங் மருமகள் எழுதியது:

இனமானம் தம்பிக்கு: நான் பிறந்தது கிள்ளான், வாழ்க்கைப்பட்டது மலாக்காவில் ஒரு செட்டி வீட்டில். வட்டிக்கடைச் செட்டியார் என்று நினைத்துவிடாதீர்கள், இது மலாக்கா செட்டி. சுல்தான்கள் காலத்தில் வியாபாரத்துக்கு வந்து தங்கிய தமிழ் வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டார்கள். மலாய், சீனம், ஜாவானியம் என்று எல்லா ரத்தமும் உண்டு. காஜா பெராங்கில் இருக்கும் எங்கள் மாமியார் வீட்டில் தமிழ் ஒரு வார்த்தை ஓடாது, எல்லாம் மலாய். மாமியார் சாரோங் கெபாயாதான் கட்டுவார். ஆனால் 1781-இல் அவர்கள் முன்னோர் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் நிற்கிறது. போகிப் பண்டிகையன்று முன்னோருக்கு "பார்ச்சு" என்று வாழையிலையில் படைப்பார்கள், படையலில் சம்பால் பெலாச்சானும் (இறால் விழுது போட்ட மிளகாய்த் துவையல்) இருக்கும். முதல் வருடம் அதைப் பார்த்து நான் திகைத்துப்போனேன். கருவாட்டுக் குழம்பு படைக்கும் வீட்டில் பிறந்த எனக்கு அதில் திகைக்க என்ன இருக்கிறது என்று பிறகுதான் உறைத்தது.

மொழி போய்விட்டது, சாமி போகவில்லை. இதை வெற்றி என்றும் நான் சொல்லவில்லை, தோல்வி என்றும் சொல்லவில்லை. எனக்கே மனதுக்குள் ஒரு குறை உண்டு. என் மகளுக்கு நான் தாலாட்டு பாடினால் அவள் அத்தைமார் அர்த்தம் கேட்பார்கள். அதனால் ஐயா, பேரப்பிள்ளை தமிழ் பேச வேண்டும் என்று ஆசை இருந்தால் அதை இப்போதே மாப்பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தானாக வரும் என்று விட்டுவிட்டால் வராது. நான் விட்டேன், வரவில்லை.


அரைக்கால் தேக்கா எழுதியது:

அங்கிள், அப்படிப் பிறந்தவர்கள் எழுதலாம் என்றீர்கள். நான் சிங்கப்பூர். அப்பா தமிழர், அம்மா தியோச்சியூ சீனர். உங்கள் ஊரிலும் எங்கள் ஊரிலும் "சிண்டியன்" என்பார்கள். எனக்கு அந்த வார்த்தை பிடிக்காது. ஏதோ பிஸ்கட் பேர் மாதிரி இருக்கிறது.

பள்ளியில் தாய்மொழிப் பாடம் தமிழ்தான் எடுத்தேன். முதல் நாள் தமிழாசிரியை என் முகத்தைப் பார்த்து, "நீ வகுப்பு மாறி வந்துட்டியாம்மா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "இல்லை டீச்சர், இதான் என் வகுப்பு" என்று தமிழில் சொன்னதும் அவர் வாயைப் பொத்திக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. தேக்காவில் (இங்கே லிட்டில் இந்தியா) புடவைக் கடைக்குப் போனால் இன்றைக்கும் அதே கதை. முதலில் ஆங்கிலம், நான் வாயைத் திறந்ததும் "அட, தமிழ் பேசுதே!" "பேசுறாங்களே" இல்லை, "பேசுதே". பழகிவிட்டது, ஆனாலும் குத்தும்.

பதிவு விஷயம்: இங்கே 2011-லிருந்து கலப்புக் குழந்தைகளுக்கு இரண்டு இனத்தையும் சேர்த்துப் பதியலாம். என் அக்கா மகன் "சீனர்-இந்தியர்". எது முன்னால் என்பதில் அக்கா வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை நடந்தது. வீட்டில் நடந்ததெல்லாம் மானப் பிரச்சினை, ஆனால் முன்னால் வருவதை வைத்துத்தான் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்கு இன ஒதுக்கீடு பார்ப்பார்கள். அந்த ஒதுக்கீடு 1989-லிருந்து இருக்கிறது. ஒரு கோடு போட்டு நடுவில் நிற்கலாம் என்று நினைத்தால் அந்தக் கோட்டுக்கும் இடது வலது உண்டு.

2021 ஜூன் மாதம் ஆர்ச்சர்ட் சாலையில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். ஒரு சீன ஆடவர், நடந்து போன ஜோடியை நிறுத்தி, இந்தியன் எப்படிச் சீனப் பெண்ணோடு போகலாம் என்று கத்திய காணொளி. அவருக்குப் பிறகு சிறைத் தண்டனை கிடைத்தது. எனக்கு மறக்காதது வேறு. அந்த இருவருமே கலப்பு. ஜோடியில் அந்த ஆண் பாதி இந்தியர், பாதி ஃபிலிப்பினோ. அந்தப் பெண் பாதிச் சீனர், பாதி தாய்லாந்து. கத்தியவர் இரண்டு பேரிலும் தனக்குத் தெரிந்த பாதியை மட்டும் பார்த்திருக்கிறார். அன்று என் அம்மா போன் செய்து, "நானும் அப்பாவும் எண்பதுகளில் பஸ்ஸில் தனித்தனி சீட்டில்தான் உட்காருவோம்" என்றார். அதுவரை எனக்கு அது தெரியாது.

இன்னொன்று, கோபப்படாதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே, அந்த வரிதான். "வேறு சாதி இல்லையே." என் அப்பா வீட்டில் அம்மாவை ஆறு மாதத்தில் ஏற்றுக்கொண்டார்கள். தீபாவளிக்குச் சீன மருமகளை வரிசையாகக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். அதே வீட்டில் என் அத்தை ஒருவரைக் கட்டிக்கொண்டார். அவர் தமிழர்தான், கோயிலுக்குப் போகிறவர்தான், ஆனால் "வேற ஆளுங்க". தாத்தா சாகும்வரை அவர் அந்தப் படியேறவில்லை. என் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, மாமாவுக்குத் தேவாரம் தெரியும். உள்ளே வந்தது என் அம்மா.


புந்தோங்காரன் எழுதியது:

படித்தேன் அம்மா. இப்போதைக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.


சுங்கை சிப்புட் எழுதியது:

இந்த இழையை என் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "நம்ம பாட்டி கதையை எழுதுடி" என்றார். எழுதுகிறேன்.

என் அம்மாச்சி 1950-இல் பிறந்தவர். சீனக் கணக்கில் அது புலி வருஷம். புலி வருஷத்துப் பெண் பிள்ளை வீட்டுக்கு ஆகாது என்று சிலர் நினைத்த காலம். கம்யூனிஸ்ட்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம் வேறு. சுங்கை சிப்புட்டைச் சுற்றி இருந்த சீனக் குடியானவர்களை வேலி போட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றத் தொடங்கிய நேரம். காய்கறித் தோட்டம் போட்டிருந்த ஒரு குடும்பம், ஏற்கெனவே மூன்று பெண், நான்காவதை ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த பிள்ளையில்லாத தமிழ்த் தம்பதியிடம் கொடுத்துவிட்டார்கள். அப்போது இப்படிக் கொடுப்பதும் வாங்குவதும் நிறைய நடந்ததுதான். எங்கள் ஊரில் மட்டும் வெள்ளைத் தோலோடு, பெரிய பொட்டு வைத்து, வெற்றிலை போடுகிற கிழவிகள் மூன்று பேரை எனக்குத் தெரியும்.

அம்மாச்சிக்குச் சீனத்தில் ஒன்று இரண்டுகூட எண்ணத் தெரியாது. தீமிதியில் இறங்கியிருக்கிறார். ஒப்பாரி வைத்தால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆள் வரும். சின்ன வயதில் தோட்டத்துப் பிள்ளைகள் "சீனத்தி" என்று கூப்பிட்டால் கல்லால் அடிப்பாராம்.

என் அண்ணன் ஒரு சீனப் பெண்ணைக் கட்டப்போவதாகச் சொன்னபோது அப்பா பேசவில்லை, அம்மா அழுதார். எழுந்து நின்று முடியாது என்றது அம்மாச்சிதான். "தூக்கிக் கொடுத்துட்டுப் போனவங்க வீட்ல போயா சம்பந்தம் பண்ணுவ?" என்றார். வேறு எந்த வாதமும் சொல்லவில்லை. மாட்டுக்கறி இல்லை, மொழி இல்லை, நிறம் இல்லை. நிறம் பற்றி அவர் எப்படிப் பேச முடியும்? எங்கள் எல்லாருக்கும் அது வெறுப்பு மாதிரித் தெரிந்தது. அதற்கு வேறு பேர் இருக்கிறது என்று எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆயிற்று.

கல்யாணம் நடந்தது. காலையில் தேநீர்ச் சடங்கு. வயதில் பெரியவர்களுக்கு முதலில் என்பதால் எங்கள் பக்கத்தில் அம்மாச்சியை உட்கார வைத்தார்கள். அண்ணி முட்டி போட்டு இரண்டு கையாலும் கோப்பையை நீட்டினார். அம்மாச்சி அதை வாங்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பெண்ணின் அம்மா பதறிப்போய், இவர் சீன முகமாக இருக்கிறாரே என்று, சீனத்தில் ஏதோ சொல்லிவிட்டார். அம்மாச்சி என்னைத் திரும்பிப் பார்த்து, "என்னடி சொல்லுது?" என்றார். எனக்கும் தெரியவில்லை. கடைசியில் குடித்தார். "தித்திப்பு ஜாஸ்தி" என்றார். கழுத்திலிருந்த ஒரு சங்கிலியைக் கழற்றி அண்ணிக்குப் போட்டார்.

அன்று இரவு பாயில் படுத்துக்கொண்டு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "அந்தப் பிள்ளை வீட்ல புலி வருஷத்துப் பொண்ணு யாராச்சும் இருக்காங்களா? இருந்தா, வச்சிருக்காங்களா?"

அங்கிள், உங்கள் மனைவியின் தங்கை சொன்னதற்காக இதை எழுதினேன். பிள்ளை வெள்ளையாகப் பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அம்மாச்சியிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் வெள்ளையாகத்தான் பிறந்தார்.


இனமானம் எழுதியது:

நான் எழுதியதில் "பெருசு" என்று போட்டதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மற்றதில் மாற்றமில்லை.


புந்தோங்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. 17 நாள் கழித்து எழுதுகிறேன், இடையில் கொஞ்சம் நடந்தது.

பினாங்குத் தம்பி சொன்னது சரி. பத்திரத்தில் சீனர் என்று எழுதுவார்கள் என்பதைப் படித்ததும் வயிற்றில் அதே இடம் மறுபடி வலித்தது. அப்பா பெயர் அவர் அப்பா பெயரோடு வந்தது, என் பெயர் அவர் பெயரோடு. மகள் அடையாள அட்டையில் என் பெயர் இருக்கிறது. எனக்கு ஒரே பிள்ளை. அதோடு நின்றுவிடும். ஆனால் யோசித்துப் பார்த்தால், தமிழ் மாப்பிள்ளை வந்தாலும் என் பெயர் அவளோடுதான் நிற்கும், பேரனுக்கு அவன் அப்பா பெயர்தான். அதற்கு நான் ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை. ஆக இதிலும் பாதி சாக்கு.

சம்பந்தியாகப் போகிறவரை (இன்னும் சம்பந்தி என்று எழுதக் கை வரவில்லை) மெங்லெம்புவில் ஒரு கோப்பிக் கடையில் பார்த்தேன். பிள்ளைகளுக்குத் தெரியாது, நானே நம்பர் வாங்கிக் கூப்பிட்டேன். இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். முதல் ஐந்து நிமிடம் இருவரும் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தோம். "நீ என்ன வருஷம்?" என்று கேட்டார். "63, முயல்" என்றேன். "நானும் முயல்" என்றார். அப்புறம் கொஞ்சம் பேச்சு வந்தது. தன் மனைவி சரியாகச் சாப்பிடுவதில்லை என்றார். என் மனைவியும் அப்படித்தான் என்றேன். அவர் அம்மாவுக்கு 88 வயது, இன்னும் சொல்லவே இல்லையாம். "கெலிங்காரன் வருவான்னு சொல்லிச் சோறு ஊட்டினது உங்க அம்மாதானா?" என்று கேட்டுவிட்டேன். வாய் தவறிப்போயிற்று. அவர் முகம் சிவந்துபோய், "எங்க வீட்ல எல்லாரும் சொல்வோம். நானும் சொல்லியிருக்கேன்" என்றார். நாங்கள் வீட்டில் அவர்களை என்னென்ன சொல்லுவோம் என்று நானும் இரண்டு சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

மாட்டுக்கறி: அவர் மனைவியும் கொவான் யின் பக்தையாம். வீட்டில் போய்ச் சொன்னேன். என் மனைவி ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அப்போ பன்னி?" என்றாள். நாங்களே வருஷத்துக்கு நாலு தடவை பன்றிக்கறி பிரட்டல் செய்கிற வீடு என்பதை ஞாபகப்படுத்தினேன்.

சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு: அந்த அடைப்புக்குறியைப் பற்றி. மகளிடம் அதை இன்னும் சொல்லவில்லை. அவள் அன்று வேறு சாதிப் பையன் பெயரைச் சொல்லியிருந்தால் நான் அவனை வீட்டுக்குக் கூப்பிட்டுக் கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றியிருப்பேனா? தெரியவில்லை என்று எழுதப் பார்த்தேன், அதுவும் பொய். மாட்டேன். பட்டறையில் என்னோடு 20 வருடம் வேலை பார்த்த ஒருவன் ஞாபகத்துக்கு வருகிறான். தமிழன். அவன் மகனும் நல்ல வேலையில்தான் இருக்கிறான். அவனை ஒரு தடவைகூட வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. தௌகேயைக் கூப்பிட்டிருக்கிறேன்.

கல்யாணத்துக்குச் சரி என்று நான் இன்னும் வாயால் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் கோப்பிக் கடையை விட்டு எழுந்திருப்பதற்கு முன்னால் எப்படியோ தேதி பற்றிப் பேச்சு வந்துவிட்டது. ஆடி மாதம் நாங்கள் செய்ய மாட்டோம் என்றேன். அதைத் தொட்டாற்போல் வருகிற அவர்களுடைய ஏழாம் மாதம் பேய் மாதம், அவர்கள் செய்ய மாட்டார்கள். அது முடிவதற்குள் எங்களுக்குப் புரட்டாசி வந்துவிடும். ஜூலை நடுவிலிருந்து அக்டோபர் நடுவரைக்கும் மொத்தமாகப் போயிற்று. "ரெண்டு பேருக்கும் சேர்த்து வருஷத்துல எத்தனை நாள்தான் மிஞ்சும்?" என்று அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

இதை ராத்திரி மனைவியிடம் சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறையில் ஆணியிலிருந்து நாட்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்தாள். ஐப்பசிப் பக்கத்தைத் திருப்பி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, "நாலாந்தேதின்னா அவங்க வேணாம்பாங்களா?" என்று கேட்டாள்.